தேர் நிலைக்கு வரும்வரை

முதல் கல் ஸ்கூட்டரின் முன் விளக்கை உடைத்தது. இரண்டாவது கல் இசக்கிப்பாண்டியின் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் பட்டது. மூன்றாவது கல்லுக்கு அவன் காத்திருக்கவில்லை. வண்டியை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த முதலாளியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சந்தின் கடைசியில் இருந்த நூல் கம்பெனியின் பின்வாசல் தகரக் கதவுக்குள் பாய்ந்து தாழ்ப்பாளைப் போட்டான்.

"பாய், விருந்தாளிக்கு இந்தத் தெருவுல இப்படித்தான் பூத் தூவுவாங்க போல" என்றான், மூச்சு வாங்க.

"உன் வாய் இருக்கே, அதுதான் ஒரு நாள் உனக்கு எமன்" என்றார் முகம்மது இஸ்மாயில், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டே.

கடையநல்லூர்க்காரர். பல வருஷம் சவுதியில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, வாப்பா பெயரில் 'மைதீன் பாட்சா துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியவர். நிலையத்தின் மொத்த ஊழியரும் இசக்கிப்பாண்டிதான். வண்டி ஓட்டுவது, டீ வாங்குவது, அடி வாங்குவது மூன்றும் அவன் பொறுப்பு. காணாமல் போன கறவை மாடு, கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றிய ரகசிய விசாரணை என்று நிலையம் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. இன்றைக்கு வந்த வேலை அப்படிப்பட்டது இல்லை. இன்றைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது இசக்கிப்பாண்டியின் சொந்த அக்காள் புருஷனின் உயிர்.

சங்கரன்கோவிலில் அன்று அம்மன் தேர். 1989ஆம் வருஷத்து ஆடி. ஊரே வடத்தைப் பிடித்துக்கொண்டு ரத வீதிகளில் நின்றது. இருக்கிற போலீஸ் அத்தனை பேரும் தேருக்கு முன்னும் பின்னும்தான். பக்கத்துச் சந்தில் கொலையே நடந்தாலும் தேர் நிலைக்கு வந்த பிறகுதான் ஒருத்தர் திரும்பிப் பார்ப்பார். அப்படித்தான் காலையில் ஒரு கொலை நடந்தும் விட்டது.

செத்தவன் குருநாதன். மேல ரத வீதியில் ஞானதுரை, சௌந்தரபாண்டியன் என்ற அண்ணன் தம்பியின் நூல் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர். தேர் அந்த வீதியைக் கடந்துகொண்டிருந்த நேரத்தில், கம்ப்யூட்டர் அறையிலேயே, நூல் நிறுக்கும் இரும்பு எடைக்கல்லால் யாரோ அவன் பின்மண்டையை உடைத்துவிட்டார்கள். பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நிலையில் அகப்பட்டவன் ஜெனரேட்டர் பார்க்கும் சண்முகையா, அந்த அக்காள் புருஷன். போன வாரம்தான் ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து மிஷின் நின்றுபோக, குருநாதன் பத்துப் பேர் முன்னால் சண்முகையாவைக் கை நீட்டி அடித்திருந்தான். இது போதாதா ஊருக்கு? அடித்தே பாதி உயிரை எடுத்துவிட்டார்கள். முதலாளிமார் நடுவில் விழுந்து, அவனை நூல் குடோனுக்குள் தள்ளிப் பூட்டு போட்டதால் மீதி உயிர் மிஞ்சியது.

குடோன் வாசலில் கதவோடு கதவாக முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள் பேச்சித்தாய், இசக்கிப்பாண்டியின் அக்காள். நெற்றி பிளந்து கன்னம் முழுக்க ரத்தம். அவளுக்கு எதிரே கம்பும் கல்லுமாகக் குருநாதனின் சொந்தக்காரர்கள். முன்னால் அரிவாளோடு நின்றவர் குருநாதனின் அண்ணன் கோமதிநாயகம். தேருக்குக் கட்டியிருந்த புது வேட்டி அவருக்கு இன்னும் கசங்கவில்லை. கண்தான் சிவந்து கிடந்தது.

"தேர் ஓடயில உயிர எடுத்தா அம்மனுக்கு ஆகாது. அதனாலதான் இவ புருஷன் மூச்சு விடுதான்" என்றார் அவர். "தேர் நிலைக்கு வந்து தொடர் வேட்டுப் போட்டதும் கதவ உடைப்பேன். அப்புறம் நீரு வானத்துல இருந்து இறங்கினவரா இருந்தாலும் சரி."

"அதுவரைக்கும் நேரம் தருவீரா?" என்று கேட்டார் இஸ்மாயில்.

"நான் தரல வே. அம்மன் தருதா."

இசக்கிப்பாண்டி அக்காளின் பக்கத்தில் போனான். ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்க வைப்பதுதான் சின்ன வயதிலிருந்து அவன் பழக்கம். இன்றைக்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று பட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் நெற்றியில் கட்டிவிட்டு, குடோன் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே பார்த்தான். நூல் மூட்டைகளுக்கு நடுவில் சுருண்டு கிடந்தான் சண்முகையா. தாடை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வாய் திறக்கும்போதெல்லாம் ரத்தம் வழிந்தது. அவன் குழறிக் குழறிச் சொன்னதைக் கோர்த்தால் கதை இவ்வளவுதான்.

தேரின் உச்சி மின்கம்பியில் மாட்டிவிடக் கூடாது என்று, அது வரும் வீதியில் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள். அதனால் அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு. அவன் மட்டும் ஜெனரேட்டர் கொட்டகையில் படுத்திருந்தான். கம்ப்யூட்டர் அறையில் அமுக்கினால் கொட்டகையில் பேட்டரி பெல் அடிக்கும்; ஒரு தடவை அடித்தால் ஜெனரேட்டரைப் போட வேண்டும், மறுபடி அடித்தால் நிறுத்த வேண்டும். அதுதான் அங்கே நடைமுறை. முதல் பெல் அடித்தது, போட்டான். இரண்டாவது பெல் வரவே இல்லை. போன வாரம் வாங்கிய அறை இன்னும் ஞாபகம் இருந்ததால் தானாக நிறுத்தவும் பயம். கேட்டுவிட்டு வரலாம் என்று உள்ளே போனான். குருநாதன் குப்புறக் கிடந்தான்.

"அவன் தலையைத்தான் தூக்குனேன் மாப்ள. வேற ஒண்ணும் செய்யல" என்றான் சண்முகையா.

"ஜெனரேட்டர் பக்கத்துல இருந்தா, உள்ள ஒருத்தன் அலறுனாக்கூடக் கேக்காது" என்றார் இஸ்மாயில். "லீவு நாளு, கரண்ட்டும் கிடையாது. அந்த நேரத்துல பெல் அடிச்சு மிஷின ஓட்ட வச்சது யாரு? எதுக்கு? அந்த மிஷினையே கேப்போம், வா."

கம்ப்யூட்டர் அறை கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. பிணத்தை ஓரமாக வைத்து வேட்டியால் மூடியிருந்தார்கள். தரையில் ரத்தம் உறையத் தொடங்கி, செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. எடைக்கல் நாற்காலிக் காலடியிலேயே கிடந்தது, முடியும் ரத்தமுமாக. 

அறை வாசலில் மூன்று பேர் நின்றார்கள். அண்ணன் ஞானதுரை, ரத்தக் கொதிப்பு உள்ள கனத்த மனுஷன். தேர் கடந்த நேரத்தில் மாடியில் படுத்திருந்ததாகச் சொன்னார். தம்பி சௌந்தரபாண்டியன் வடம் இழுப்பவர்களுக்குத் தன் செலவில் நீர்மோர்ப் பந்தல் போட்டு, அங்கே குவளையோடு நின்றிருந்தார். கையில் இன்னும் மோர் வாசனை. மூன்றாமவர் தங்கப்பழம், ஞானதுரையின் மனைவிக்குத் தம்பி. சித்திரையில்தான் திருவேங்கடத்திலிருந்து வந்து அத்தானிடம் மேனேஜராகச் சேர்ந்தார். தான் மொட்டை மாடியில் தேர் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அண்ணன் பேசும்போது தம்பி வேறு பக்கம் பார்த்தார், தம்பி பேசும்போது அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். இருவருக்கும் நடுவில் தங்கப்பழம்தான் ஆறுதல் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

மேசைமேல் இருந்த பெட்டியைத் தடவிப் பார்த்தபடி இஸ்மாயில் சொன்னார்: "தை மாசம் இவங்க பாகம் பிரிச்சுக்கிட்டாங்க, பாண்டி. தறிக்காரங்க, லாரி, குடோன் எல்லாத்தையும் பிரிச்சாச்சு. இத வெட்டிப் பங்கு போட முடியாதுல்லா? உள்ள ஒரு தட்டு இருக்கு. கணக்கு அத்தனையும் அதுலதான். அந்தத் தட்ட ரெண்டாத் தடுத்து, ஆளுக்கு ஒரு பாகம். ஒவ்வொரு பாகத்துக்கும் மிஷின எழுப்பி வேலை வாங்குத ஆப்பரேட்டிங் சிஸ்டம் தனித்தனி. ஒண்ணு ஓடயில மத்தது தூங்கும்."

"ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு."

"ரெண்டு அடுப்புக்கும் ரெண்டு லைசென்ஸ்."

"ஒரு மிஷினுக்கு எதுக்குப் பாய் ரெண்டு லைசென்ஸ்? ஒரு சைக்கிள்ல ரெண்டு பேரு போனா ரெண்டு சைக்கிளா வாங்குதாங்க?"

அதற்குத் தம்பி சௌந்தரபாண்டியன் தலையைக் குனிந்தபடி பதில் சொன்னார். அண்ணன் பெயரில் உள்ள லைசென்ஸில் தன் கணக்கு ஓடினால், நாளைக்கு மிஷினே முழுக்க அண்ணனுடையது என்று ஆகிவிடும் என்று அவருக்குப் பயம். மதுரைக் கம்ப்யூட்டர் வியாபாரி அந்தப் பயத்தை மெல்ல ஊதிவிட்டு, இரண்டு லைசென்ஸையும் மகிழ்ச்சியாக விற்றுவிட்டுப் போயிருக்கிறான். ஒவ்வொன்றும் ஓர் உறை. உள்ளே சில ஃபிளாப்பிகள், ஒரு நம்பர் அட்டை. அட்டையில் உள்ள நம்பரைத் தட்டினால்தான் சிஸ்டம் தட்டில் ஏறி உட்காரும். அதன் பிறகு எப்போது எழுப்பினாலும் முதல் காரியமாக அந்த நம்பரைத் திரையில் காட்டும். இரண்டு உறைகளும் அவரவர் பீரோவில் இருந்தன.

பெட்டியின் முன்பக்க வாயில் ஏதோ செருகியிருந்தது. இஸ்மாயில் நெம்புகோலைத் திருப்பி அதை உருவினார். சதுர அப்பளம் மாதிரி ஒரு ஃபிளாப்பி. மேலே ஒட்டியிருந்த சீட்டில் ஞானதுரையின் பெயர்.

ஞானதுரை தம் பீரோவைத் திறந்து உறையைக் கொண்டுவந்தார். அதிலிருந்த முதல் ஃபிளாப்பியைக் காணவில்லை. நம்பர் அட்டையும் தலைகீழாகச் செருகிக் கிடந்தது. அவர் முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பீரோ சாவி மேசை டிராயரில்தான் இருக்கும், வீட்டாளுக எல்லாருக்கும் தெரியும் என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவை சொல்கிறவனை இசக்கிப்பாண்டி ஒருநாளும் நம்பியதில்லை.

கரண்ட் இன்னும் வரவில்லை. ஜெனரேட்டரைச் சுற்றிவிட வேண்டிய வேலை அவன் தலையில் விழுந்தது. கொட்டகைக்குப் போய்க் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினான். முதல் சுற்றில் அது அவன் மணிக்கட்டைத் திருப்பி அடித்தது. அவன் அதன் குடும்பத்தையே விசாரித்துவிட்டு மறுபடி சுற்ற, புகை கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அங்கிருந்து பார்த்தால் குடோன் வாசல் தெரிந்தது. யாரோ ஒருவன் அக்காளின் தலைமயிரைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் கையைக் கடித்தாள். இன்னொருவன் கம்பால் அவள் முழங்காலில் போட, சரிந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தாலும் கதவை விட்டு நகரவில்லை. இசக்கிப்பாண்டி கைப்பிடி இரும்பைத் தூக்கிக்கொண்டு ஓடி, கம்பு வைத்திருந்தவனின் தோளில் ஒன்று போட்டான். பதிலுக்கு அவன் முதுகில் இரண்டு விழுந்தன. கோமதிநாயகம் அரிவாளை உயர்த்தி அதட்டியதும் கூட்டம் பின்வாங்கியது.

"பொம்பளையத் தொடாதீங்கல" என்றார் அவர். "இன்னும் தேர் ஓடுது."

தூரத்தில் ஒரு வேட்டுச் சத்தம். தேர் கடைசி மூலை திரும்பிவிட்டது.

இசக்கிப்பாண்டி நொண்டிக்கொண்டே அறைக்குத் திரும்பினான். இஸ்மாயில் இரண்டு நம்பர் அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துத் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார். மற்றவர்களை முன்கூடத்தில் உட்கார வைத்திருந்தார். முதல் பாகம் கணக்கோடு அப்படியே இருக்கிறது, இரண்டாம் பாகத்தில் ஒரு பொட்டு கணக்குக்கூட இல்லை என்று மெதுவான குரலில் சொன்னார். துடைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பெரியவர் ஞானதுரையின் லைசென்ஸையே புதுசாக ஏற்றியிருக்கிறார்கள். எல்லாம் இன்று காலையில் நடந்தது. கழுத்தில் ஆயுதத்தை வைத்துக் குருநாதனைச் செய்ய வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பிணத்தின் கழுத்தில் கோடு போட்ட மாதிரி ஒரு கீறல் இருக்கிறது.

இசக்கிப்பாண்டிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"முடிஞ்சு போச்சு பாய். தம்பி கணக்க அழிச்சு, மிஷின் முழுசும் தன் பேருக்கு மாத்திக்கிட்டாரு அண்ணன். சாட்சி சொல்ல ஆளு இருக்கக் கூடாதுன்னு போட்டுத் தள்ளிட்டாரு. ரத்தக் கொதிப்பாம்லா, கொதிப்பு. அந்த ஆளு சட்டையப் பிடிச்சு இழுத்துக் கோமதிநாயகம் முன்னால போடுதேன், விடுங்க."

இஸ்மாயில் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அழிஞ்சது தம்பி பாகம்னு உனக்கு யாரு சொன்னா?"

"இத யாரு சொல்லணும்? முதல் பாகம் மூத்தவருக்கு, ரெண்டாவது இளையவருக்கு. பந்தியில இலை போட்டாக்கூட அப்படித்தான்."

 இஸ்மாயில் அவன் கன்னத்தில் செல்லமாகத் தட்டினார். "ஒரு வருஷத்துக்கு உனக்குக் குடுத்த சம்பளம் இப்பதாம்ல எனக்குத் திரும்பி வந்துது. எல்லாரையும் கூப்பிடு. கோமதிநாயகத்தையும் கூப்பிடு, அரிவாளோடயே வரட்டும். நான் பேசி முடியுற வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது."

எல்லாரும் வந்தார்கள். பிணத்தின் பக்கத்தில் நிற்க யாருக்கும் மனம் இல்லாமல் கதவோரமாக நெருக்கியடித்து நின்றார்கள். கோமதிநாயகம் மட்டும் தம்பியின் கால்மாட்டில் போய் நின்றார். குடோன் பக்கமிருந்து கதவை உதைக்கும் சத்தம் கேட்டது. யாருக்கோ பொறுமை போய்விட்டது. ஒவ்வொரு உதைக்கும் அக்காளின் முதுகு அதிர்வது இசக்கிப்பாண்டியின் முதுகில் தெரிந்தது.

இஸ்மாயில் சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி தணிந்த குரலில் பேசினார். கொலைக்கு முன்னால் யாரோ இந்த மிஷினில் கை வைத்திருக்கிறார்கள் என்றார். முதல் பாகத்தில் ஒன்றும் ஆகவில்லை என்றார்.

"ரெண்டாம் பாகம்தான் பூராவும் போச்சு" என்றார். "ஒரு எழுத்து மிச்சம் இல்ல. யாரு வந்தாலும் அத இனிமே மீட்க முடியாது."

தங்கப்பழம் 'ச்சொ' கொட்டினார். சௌந்தரபாண்டியனின் தோளில் கையை வைத்து, "சின்ன அத்தான், இப்படி ஆகிப்போச்சே. உங்க கணக்கு மொத்தமும் போச்சே. தறிக்காரங்ககிட்ட இனி என்னத்த வச்சு நூல் பாக்கி கேப்பீக? மனசு உடையாதீக, எங்க அத்தான் கைவிட மாட்டாரு" என்றார்.

சௌந்தரபாண்டியன் ஒன்றும் புரியாமல் அவரையே பார்த்தார்.

ஞானதுரை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். "என்ன மாப்ள பேசுத?" என்றார்.  "ரெண்டாம் பாகம் என்னுதுல்லா?"



இஸ்மாயில் அவசரப்படாமல் சொன்னார்: "வயலோ வீடோ, நம்ம பக்கத்துல பாகம் பிரிச்சா மூத்தவன் பங்கு வைப்பான், இளையவன் முதல்ல எடுப்பான். அப்பதான மூத்தவன் சமமாப் பிரிப்பான்? இந்த மிஷினையும் அப்படித்தான் பிரிச்சிருக்காங்க. அண்ணன் ரெண்டாத் தடுக்கச் சொன்னாரு. தம்பி முதல் பாகத்தத் தொட்டாரு. தையில இங்கன இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். மிஷினும் அதையேதான் சொல்லுது, முதல் பாகத்துல தம்பி லைசென்ஸ் நம்பர்தான் வருது. பெரியவரே தன் கணக்கத் தானே அழிச்சுட்டு, அதே இடத்துல தன் லைசென்ஸயே மறுபடி போடுவாரா? தம்பி ஆளு அழிச்சிருந்தா அண்ணன் பேர எதுக்குப் போடணும்? அப்ப, இத அழிச்சவன் அண்ணன் பக்கத்து ஆளு. ஆனா எது அண்ணன் பாகம்னு தெரியாத ஆளு. பாகம் பிரிக்கையில இங்கன இல்லாத ஆளு. சித்திரையில வந்த ஆளு."

இசக்கிப்பாண்டிக்குத் தன் பந்தி இலை ஞாபகம் வந்தது. அந்த வழக்கம் அவனுக்கும் தெரியாததில்லை. அவன் அப்பாவும் சித்தப்பாவும் வயலைப் பிரித்ததே அப்படித்தான். ஒரு கம்ப்யூட்டரையும் வயல் மாதிரி பிரிப்பார்கள் என்று அவன் நினைத்துப் பார்க்கவில்லை. தங்கப்பழமும் நினைத்துப் பார்க்கவில்லை.

தங்கப்பழம் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அடுத்த நொடி நாற்காலிப் பக்கம் பாய்ந்து குனிந்தார். எடைக்கல் அவர் கையில் இருந்தது. அவர் வீசியது இஸ்மாயிலின் தலையைக் குறி வைத்துத்தான். இசக்கிப்பாண்டி குறுக்கே விழுந்தான். கல் அவன் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவன் காதுக்கே கேட்டது. வலி வருவதற்குள் அவன் வலது கை தங்கப்பழத்தின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தது. இருவரும் சேர்ந்து கண்ணாடித் தடுப்பில் மோதினார்கள். கண்ணாடி சடசடவென்று இறங்கி இருவர்மேலும் விழுந்தது. தங்கப்பழம் ஒரு துண்டை எடுத்து அவன் விலாவில் செருகினார். இசக்கிப்பாண்டி விடவில்லை. தலையால் அவர் மூக்கில் முட்டினான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. மறுபடி முட்டினான். ஒவ்வொரு முட்டுக்கும் குடோனில் கோணிக் கிடந்த தாடையை நினைத்துக்கொண்டான். இஸ்மாயில் அவனைப் பிடித்து இழுக்கும்போது, தங்கப்பழத்தின் தொண்டைமேல் கோமதிநாயகத்தின் கால் இருந்தது. அரிவாள் உயர்ந்திருந்தது.

"கேள்வி கேக்கணும்னா அவன் உயிரோட இருக்கணும் வே" என்றார் இஸ்மாயில். "முதல்ல குடோன் கதவ உதைக்கிறத நிறுத்தச் சொல்லும்."

கோமதிநாயகம் வாசல் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார். உதை நின்றது. கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும் ஓசையும் பேச்சித்தாயின் அழுகையும் கேட்டன. அத்தனை அடிக்கும் அழாதவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். இசக்கிப்பாண்டி கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில், விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அத்தான் பிழைத்துவிட்டார் என்பது அவனுக்கு அந்த அழுகையில்தான் உறைத்தது.

தங்கப்பழம் கிடந்த நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். சின்ன அத்தானின் கணக்கு அழிந்தால் தறிக்காரர்கள் எல்லாம் பெரிய அத்தானிடம் வந்துவிடுவார்கள், தனக்கும் அதில் ஒரு பங்கு கேட்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அத்தானுக்கு ஒன்றும் தெரியாது. தேர் நேரத்தில் பெரிய முதலாளி கூப்பிடுகிறார் என்று பொய் சொல்லிக் குருநாதனை வரவழைத்தார். பெல்லை அடித்ததும் அவர்தான். குருநாதன் முதலில் மாட்டேன் என்றிருக்கிறான், அண்ணன் தம்பி இருவர் சோற்றையும் தின்கிறவன் நான் என்று சொல்லியிருக்கிறான். கழுத்தில் கத்தியை வைத்து, இரண்டாம் பாகத்தை அழி, அத்தான் லைசென்ஸை ஏற்று என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தானாம். பிறகு, இரண்டாம் பாகம்தானே, நல்லா யோசிச்சுச் சொல்லும் என்று கேட்டானாம். ஆமாம் என்றாராம் இவர். அதன் பிறகு அவன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

கோமதிநாயகத்தின் கால் தொண்டையை இன்னும் அழுத்தியது. "சொன்னதச் செஞ்சான்லா? அப்புறம் எதுக்குல கொன்ன?"

தங்கப்பழத்தின் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் வந்தன.

"செஞ்சு முடிச்சுட்டுச் சிரிச்சான்" என்றார். "கத்திய எடுத்ததுக்கு அப்புறமும் சிரிச்சுக்கிட்டே இருந்தான். எதுக்குல சிரிக்கன்னு கேட்டேன், சொல்லல. என்னவோ என்னைக் கேலி பண்ணுதான்னு மட்டும் தெரிஞ்சுது. கல்லு கையில அகப்பட்டுது. அவன் ஏன் சிரிச்சான்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது."

 ஞானதுரை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவருடைய கணக்கு மொத்தத்தையும் அழித்துப்போட்ட மனுஷன் ஓரமாக வேட்டிக்கு அடியில் கிடந்தான். அந்த மனுஷனுக்காகத்தான் அவர் அழுதார். சௌந்தரபாண்டியன் அண்ணன் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

இசக்கிப்பாண்டி வேட்டியால் மூடிய அந்த உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தபோது அவனை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது, எதிரியின் கையாலேயே எதிரி வீட்டைக் கொளுத்த வைத்துவிட்டு, அந்தச் சிரிப்பை மட்டும் அடக்க முடியாமல் போனவன். தன்னாலும் அடக்கியிருக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றியது. அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது.

அப்போது தெற்கே தொடர் வேட்டு வெடிக்கத் தொடங்கியது. தேர் நிலைக்கு வந்துவிட்டது.

கோமதிநாயகம் நிமிர்ந்தார். அவர் கை அரிவாளின் பிடியை மாற்றிப் பிடித்ததை எல்லாரும் பார்த்தார்கள். இஸ்மாயில் ஓர் அடி முன்னால் வைத்தார். தங்கப்பழம் கண்களை இறுக்க மூடிக்கொண்டார். வேட்டுச் சத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"அவன் பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான்" என்றார் கோமதிநாயகம். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. "வாத்தியாரு அடிக்க அடிக்கச் சிரிப்பான். அடக்குல, அடக்குலன்னு எத்தனை தடவ சொல்லியிருப்பேன்."

 அவர் காலை எடுத்தார். கண்ணாடித் துண்டுகளை மிதித்துக்கொண்டு வந்து, இசக்கிப்பாண்டியின் முன்னால் குனிந்து, அரிவாளை அவன் நல்ல கையில் வைத்தார்.

"போலீஸ் வர்ற வரைக்கும் இத நீ வச்சுக்கோ தம்பி" என்றார். "என் கையில இருக்க வேண்டாம். உங்க அத்தானக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. அவரு காயத்துல நான் அடிச்சதும் இருக்கு."

 இசக்கிப்பாண்டி அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். வெளியே ஜெனரேட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லும் இரண்டாவது பெல்லை, எட்டிப் போய் இஸ்மாயில்தான் அடித்தார்.